பாவிகளின் பங்குக் குரு

ஜூபிலி ஆண்டில் ஒரு பங்கு தன் செல்வங்களைக் கணக்கெடுப்பது வழக்கம். ஆலயம் எந்த ஆண்டில் எழுந்தது, மணி யார் காலத்தில் வந்தது, எத்தனை ஞானஸ்நானங்கள், எத்தனை திருமணங்கள் என்று பதிவேடுகளைப் புரட்டிப் பார்க்கிறோம். ஆனால் எந்தப் பதிவேட்டிலும் ஏறாத ஓர் இடம் ஒவ்வோர் ஆலயத்திலும் உண்டு. அதுவே பாவசங்கீர்த்தனத் தொட்டி. அங்கே எத்தனை பேர் கண்ணீர் விட்டார்கள், எத்தனை பேர் பாரம் இறங்கி எழுந்து சென்றார்கள் என்பதை ஆண்டவர் ஒருவரே அறிவார். அந்தச் சிறிய இடத்தில் தம் வாழ்நாளின் பெரும் பகுதியைக் கழித்து, தேவ இரக்கத்தின் கதவை ஆயிரமாயிரம் பேருக்குத் திறந்துவிட்டவர் ஒரு கிராமப் பங்குக் குரு. உலகெங்கும் உள்ள பங்குக் குருக்களுக்குப் பாதுகாவலராகத் திகழும் புனித ஜான் மரிய வியான்னியே அவர்.

பிரான்சு நாட்டில் லியோன் நகருக்கு அருகே தார்தில்லி என்னும் சிற்றூர் உண்டு. அங்கே மத்தேயு வியான்னி, மரியாள் பெலூஸ் என்னும் விவசாயத் தம்பதியருக்கு 1786-ம் ஆண்டு மே 8-ம் நாள் நான்காவது குழந்தையாக அவர் பிறந்தார். அந்த வீடு ஏழைகளுக்கு அடைக்காத வீடு. வழிப்போக்கருக்கும் பிச்சைக்காரருக்கும் அங்கே சூடான கஞ்சியும் படுக்க இடமும் எப்போதும் கிடைக்கும். பின்னாளில் புனிதராக உயர்த்தப்பட்ட பிச்சைக்காரத் துறவி பெனடிக்ட் ஜோசப் லாப்ர் என்பவர்கூட 1770-ல் அந்த வீட்டில்தான் ஓர் இரவு தங்கிச் சென்றார். இரக்கம் என்பது வியான்னிக்குப் புத்தகத்தில் படித்த பாடமாக வரவில்லை. தாய் தந்தையரின் அடுப்படியிலேயே அதை அவர் கண்டார்.

அவர் சிறுவனாய் இருந்தபோது பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. ஆலயங்கள் பூட்டப்பட்டன. அரசின் சட்டத்திற்கு இணங்க மறுத்த குருக்கள் மாறுவேடம் பூண்டு மறைந்து திரிந்தனர், பிடிபட்டால் மரணம். 1797-ல் அப்படி மறைந்து வாழ்ந்த குருவானவர் ஒருவர் தார்தில்லிக்கு வந்தார். பதினொரு வயதுச் சிறுவன் வியான்னி, தன் வீட்டுக் கடிகாரத்தின் அடியிலேயே முழந்தாளிட்டு முதல் பாவசங்கீர்த்தனம் செய்தான். 1799-ல் எக்குல்லி என்னும் ஊரில், வெளிச்சம் வெளியே தெரியாதபடி சன்னல்களை அடைத்த ஒரு வீட்டில் புதுநன்மை வாங்கினான். பாவ மன்னிப்பையும் திவ்ய நற்கருணையையும் மக்களுக்குக் கொடுப்பதற்காகக் குருக்கள் உயிரையே பணயம் வைத்ததை அந்தச் சிறுவன் கண்ணாரக் கண்டான். தானும் குருவாக வேண்டும் என்ற ஆசை அப்போதே அவன் உள்ளத்தில் வேரூன்றியது.

ஆசை இருந்தது, படிப்புதான் ஏறவில்லை. இருபது வயதில், எக்குல்லி பங்குக் குரு பாலே சுவாமியாரிடம் இலத்தீன் படிக்கச் சேர்ந்தார். மனத்தில் ஒன்றும் தங்கவில்லை. இதற்கிடையில் 1809-ல் நெப்போலியனின் படைக்கு அவருக்கு அழைப்பு வந்தது. முகாமில் நோய்வாய்ப்பட்டுப் பின்தங்கினார். தம் படைப்பிரிவை எட்டிப் பிடிக்க முடியாமல், லே நோயே என்னும் மலைக் கிராமத்தில் வேறு பெயருடன் ஒளிந்து வாழ நேர்ந்தது. சட்டத்தின் கண்ணில் அவர் படையைவிட்டு ஓடியவர். 1810-ல் பேரரசரின் திருமணத்தை முன்னிட்டுப் பொது மன்னிப்பு அறிவிக்கப்பட்டது. தம்பி ஒருவர் அண்ணனுக்குப் பதிலாகப் படையில் சேர்ந்தார். அதன் பிறகே வியான்னி தம் ஊர் திரும்ப முடிந்தது. மன்னிப்பின் விலை என்ன, ஒருவருக்காக மற்றொருவர் பாரம் சுமப்பது என்றால் என்ன என்பதை அவர் தம் சொந்த வாழ்விலேயே அறிந்துகொண்டார்.

லியோன் பெரிய குருமடத்திலும் இலத்தீன் அவரைக் கைவிட்டது. அவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பாலே சுவாமியார் மட்டும் அவரைக் கைவிடவில்லை. தாமே பாடம் சொல்லிக் கொடுத்து, மறைமாவட்ட அதிகாரிகளிடம் மன்றாடினார். அவர்கள் வியான்னியின் கல்விக் குறையைக் காட்டிலும் அவருடைய பக்தியைப் பெரிதாக எண்ணி இசைந்தார்கள். 1815-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ம் நாள் கிரனோபிள் நகரில் அவர் குருவாக அபிஷேகம் பெற்றார். ஆயினும் பாவசங்கீர்த்தனம் கேட்கும் அதிகாரம் உடனே அவருக்கு வழங்கப்படவில்லை. ஆன்மாக்களை நடத்தும் அளவுக்கு இவருக்கு அறிவு போதுமா என்ற ஐயம் அதிகாரிகளுக்கு இருந்தது. சில மாதங்கள் கழித்தே அந்த அதிகாரம் கிடைத்தது. அப்போது அவர் முன் முதலாவதாக முழந்தாளிட்டவர் அவருடைய ஆசிரியரான பாலே சுவாமியாரே! பாவசங்கீர்த்தனம் கேட்கத் தகுதி உண்டோ என்று பிறர் தயங்கிய ஒருவரையே ஆண்டவர் அந்த அருட்சாதனத்தின் மாபெரும் ஊழியராக்கினார். இறைவனின் தெரிவு மனிதக் கணக்குக்குள் அடங்குவதில்லை.

பாலே சுவாமியார் 1817-ல் இறந்தார். 1818 பிப்ரவரியில் வியான்னி ஆர்ஸ் என்னும் கிராமத்திற்கு அனுப்பப்பட்டார். ஏறத்தாழ 230 பேர் மட்டுமே வாழ்ந்த ஊர் அது. பனிமூட்டத்தில் வழி தெரியாமல் நின்றவருக்கு ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுவன் பாதையைக் காட்டினான். ஊருக்கு வழி காட்டிய அச்சிறுவனுக்குத் தாம் மோட்சத்திற்கு வழி காட்டுவதாக அவர் நன்றியோடு சொன்னார். அந்தச் சந்திப்பின் நினைவாக இன்றும் அங்கே ஒரு சிலை நிற்கிறது.

புரட்சிக் காலத்தில் வளர்ந்த அவ்வூர் மக்களில் பலர் செபங்களை மறந்திருந்தனர். ஞாயிறன்றும் வயல் வேலை நடந்தது. சின்னஞ்சிறு ஊரில் நான்கு சாராயக் கடைகள்! புதிய பங்குக் குரு நள்ளிரவிலும் நற்கருணைப் பேழை முன் கிடந்து தம் மக்களுக்காக மன்றாடினார். உருளைக்கிழங்கை ஒருமுறை வேகவைத்து, அதையே பல நாள் உண்டார். கட்டிலை விட்டுத் தரையில் படுத்தார். பிரசங்க மேடையிலிருந்து இடி முழங்குவதுபோல் குடியையும் நடனத்தையும் கண்டித்தார். ஸ்நாபக அருளப்பருக்கு ஒரு சிற்றாலயம் எழுப்பி, ஒரு நடனத்துக்கு விலையாக அவருடைய தலை போயிற்று என்பதை அதன் வளைவிலேயே எழுதி வைத்தார்.

இங்கே நாம் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆரம்ப ஆண்டுகளில் வியான்னி மிகக் கண்டிப்பானவர். நடனத்தை விடாத இளம்பெண்களுக்கு அவர் பாவமன்னிப்பைப் பல மாதங்கள் தள்ளிப்போட்டதுண்டு. இதை அவருடைய குணக்கேடு என்று சொல்ல முடியாது. அக்காலப் பிரான்சில் ஜான்சேனியக் கொள்கையின் கடுமை குருக்களின் மனத்தில் ஊறியிருந்தது. இறைவனைக் கண்டிப்பான நீதிபதியாகக் காட்டி, மக்களை நற்கருணைக்கு அருகில் வரவிடாமல் அச்சத்தில் நிறுத்திய போக்கு அது. பாவத்தை முழுவதும் வேரறுத்துவிட்டு வந்தால்தான் மன்னிப்பு என்று பலர் எண்ணினர். நோய் தீர்ந்த பிறகு மருத்துவரிடம் வா என்று சொல்வது போன்றது அது. வியான்னியும் அந்தப் பள்ளியிலேயே பயின்றவர்.

அவரை மாற்றியவை இரண்டு. ஒன்று படிப்பு. இத்தாலி நாட்டுப் புனித அல்போன்ஸ் லிகோரியாரின் நன்னெறிப் போதனை அந்நாட்களில் பிரான்சில் பரவத் தொடங்கியது. குரு என்பவர் தந்தையாகவும் மருத்துவராகவும் இருக்க வேண்டும், மனந்திரும்பி வருபவனை நம்பிக்கையோடு ஏற்க வேண்டும் என்று அது கற்பித்தது. குசே என்னும் இறையியலார் 1832-ல் அப்போதனையை ஆதரித்து நூல் எழுதினார். பெல்லே மறைமாவட்ட ஆயர் தேவி ஆண்டகையும் தம் குருக்களை அந்த வழியில் நடத்தினார். இலத்தீனில் தோற்ற வியான்னி, நடுத்தர வயதில் இப்புதிய பாடத்தைப் பணிவோடு கற்றுக்கொண்டார்.

மற்றொன்று, பாவசங்கீர்த்தனத் தொட்டியே. நாளெல்லாம் மனிதரின் விம்மலைக் கேட்கக் கேட்க, அவர் இதயம் உருகியது. பாவம் எவ்வளவு கொடியது என்பதை அவர் எவரையும்விட நன்றாக அறிந்தார். அதற்கு அடிமையானவன் எவ்வளவு பரிதாபத்திற்குரியவன் என்பதையும் அங்கேதான் அறிந்தார். நாளடைவில் நரகத்தைப் பற்றிய பிரசங்கங்கள் குறைந்தன. ஆண்டவரின் அன்பைப் பற்றிய பிரசங்கங்கள் பெருகின. முதிய வயதில் அவர் கடவுளின் இரக்கத்தைப் பேச ஆரம்பித்தால் கண்ணீரால் பேச்சே நின்றுவிடும். பாவத்தைப் பாவம் என்று சொல்ல அவர் ஒருநாளும் தயங்கியதில்லை. ஆனால் தவறிய ஆட்டைத் தேடி ஆயனே நடக்கிறார் என்பதையும், ஊதாரி மகன் வாய் திறந்து முடிக்குமுன்பே தகப்பன் ஓடிவந்து கட்டித் தழுவுகிறார் என்பதையும் இப்போது அவர் தம் வாழ்வாலேயே காட்டினார்.

1827-ம் ஆண்டையொட்டி வெளியூர் மக்கள் ஆர்ஸுக்கு வரத் தொடங்கினர். முதலில் பத்துப் பதினைந்து பேர். பிறகு நாளொன்றுக்கு முந்நூறு பேர். லியோன் இரயில் நிலையத்தில் ஆர்ஸ் பயணிகளுக்கென்றே சீட்டு கொடுக்கும் சாளரம் திறக்கப்பட்டது. போகவர அந்தச் சீட்டு எட்டு நாள் செல்லும். ஏனெனில் பாவசங்கீர்த்தனத்திற்கு முறை வர அத்தனை நாள் ஆகலாம்! வியான்னி நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கெல்லாம் கோவிலுக்கு வந்துவிடுவார். திருப்பலி, மறைக்கல்வி, நோயாளிகளைச் சந்தித்தல் ஆகியவை போக, கோடைக்காலத்தில் நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் வரை பாவசங்கீர்த்தனம் கேட்டார். பெண்களுக்கு ஸ்நாபக அருளப்பரின் சிற்றாலயத்தில். ஆண்களுக்குச் சக்கிரீஸ்து அறையில். பனிக்காலத்தில் கால்கள் மரத்துப்போகும். கோடையில் கூட்டத்தின் புழுக்கத்தில் மயக்கம் வரும். எழுந்திருக்கவில்லை.

கல்வியில்லாதவர் இத்தனை ஆன்மாக்களை நடத்துகிறாரே என்று அண்டை ஊர்க் குருக்கள் சிலர் ஆயரிடம் முறையிட்டனர். அவர்கள் கையெழுத்திட்டுச் சுற்றுக்கு விட்ட அத்தகைய மனு ஒன்று தவறுதலாக அவர் கைக்கே வந்தது. அதில் எழுதியிருந்தது உண்மையே என்று எண்ணித் தாமும் கையெழுத்திட்டு அனுப்பிவைத்தார்!

அவரிடம் வந்தவர்களில் ஒரு கைம்பெண்ணின் வரலாறு பலரும் எழுதி வைத்தது. அவளுடைய கணவன் பாலத்திலிருந்து ஆற்றில் குதித்துத் தற்கொலை செய்துகொண்டான். மறைக் கடமைகளை விட்டிருந்தவன் அவன். அவன் ஆன்மா என்றென்றைக்கும் அழிந்தது என்று எண்ணி அவள் மனம் கசந்து ஆர்ஸுக்கு வந்தாள். கூட்டத்தினிடையே அவளை நெருங்கி வர வழியில்லை. முன்பின் பார்த்திராத அவளருகே வந்து வியான்னி குனிந்து, அவள் கணவன் மீட்படைந்தான் என்று மெல்லச் சொன்னார். அவள் நம்பவில்லை. பாலத்தின் சுவருக்கும் தண்ணீருக்கும் இடையே மனஸ்தாபப்பட அவனுக்கு நேரம் இருந்தது என்றார் அவர். மேலும், மே மாதத்தில் வீட்டில் அவள் தேவதாய்க்குச் செய்த வணக்கத்தில் அவன் சில வேளை கலந்துகொண்டதை நினைவூட்டி, அந்தச் சிறு பக்தியைக் கன்னிமரியாள் மறக்கவில்லை என்று தேற்றினார். இந்த நிகழ்ச்சியிலிருந்து தற்கொலை பாவமில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் பாலத்துக்கும் தண்ணீருக்கும் இடையிலுள்ள அந்த இமைப்பொழுதில்கூட இறைவனின் இரக்கம் வேலை செய்யும் என்றால், உயிரோடிருக்கும் எந்த மனிதனைக் குறித்தும் நாம் நம்பிக்கையிழக்கலாமா?

இரக்கம் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் யாரோ ஒருவர் அதன் விலையைக் கொடுத்திருக்கிறார். இயேசு ஆண்டவர் கல்வாரியில் அதைக் கொடுத்தார். தம் ஆண்டவரைப் பின்பற்றி வியான்னியும் தம்மால் இயன்றதைக் கொடுத்தார். பெரிய பாவிகளுக்கும் அவர் மிகச் சிறிய அபராதமே விதிப்பார். அப்படியானால் பாவப் பரிகாரம் என்னாவது என்று ஒரு குருவானவர் வினவியபோது, எஞ்சியதை அவர்களுக்காகத் தாமே செய்துவிடுவதாக அவர் விடையளித்தார். அந்த உபவாசங்களும், தூக்கமற்ற இரவுகளும், உடலை வருத்திய தவங்களும் யாருக்காக என்பது இப்போது நமக்கு விளங்குகிறதன்றோ!

இத்தனை பேருக்கு நம்பிக்கை ஊட்டியவர் தம்மைப் பற்றி மட்டும் நம்பிக்கை கொள்ளத் திணறினார் என்பதுதான் இவ்வரலாற்றில் நம் நெஞ்சைத் தொடும் பகுதி. தாம் அறிவற்றவர், பங்குப் பொறுப்புக்குத் தகுதியற்றவர், இறுதி நேரத்தில் மனமுடைந்து விடுவோமோ என்ற அச்சம் பல்லாண்டு அவரை வாட்டியது. எங்காவது ஒரு மூலைக்குச் சென்று தம் பாவங்களுக்காக அழுது சாக வேண்டும் என்று ஏங்கினார். ஆயரிடம் பலமுறை விடை கேட்டார்; கிடைக்கவில்லை. 1843-ல் கடும் நோயிலிருந்து எழுந்த பிறகு, ஓர் இரவில் யாருக்கும் சொல்லாமல் தார்தில்லிக்கு நடந்தே போய்விட்டார். மக்கள் அங்கேயும் தேடி வந்துவிட்டனர். ஒரு வாரத்தில் ஆர்ஸுக்குத் திரும்பினார். 1853-ல் மீண்டும் ஓர் இரவு புறப்பட்டார். ஊர் விழித்துக்கொண்டது, ஆலய மணி அடித்தது, உதவிக் குரு அவருடைய கட்டளைச் செபப் புத்தகத்தை மறைத்து வைத்தார், பயணிகள் வழியை மறித்துத் தங்கள் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கும்படி கதறினர். அவர் ஒன்றும் சொல்லாமல் ஆலயத்தினுள் சென்று, மேலங்கியை அணிந்து, பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்தார்.

அந்த இரவு அவர் ஆர்ஸைவிட்டுப் போயிருந்தால் எத்தனை ஆன்மாக்கள் திரும்பிப் போயிருக்கும்! தம் ஆன்மாவைக் காப்பாற்றத் தனிமையைத் தேடியவர், பிறர் ஆன்மாக்களின் நடுவிலேயே தம் மீட்பும் இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டார். தம் தகுதியின்மையைப் பார்ப்பதை விட்டு, அந்தத் தகுதியின்மையையும் தாங்கிக்கொள்ளும் தேவ இரக்கத்திடம் தம்மை ஒப்படைத்தார். பிறருக்கு அவர் அன்றாடம் சொன்ன புத்தி இதுவேயாகும்.

கடைசி ஆண்டில் ஆர்ஸுக்கு வந்தவர்கள் எண்பதாயிரத்திற்கும் மேல் என்று கணக்கிடுகின்றனர். 1859 ஜூலை கடைசியில், கடும் வெயில் காலத்தில், முழு நாளும் பாவசங்கீர்த்தனம் கேட்டுவிட்டு அறைக்குத் திரும்பியவர் மறுபடி எழவில்லை. யாசான் ஊர்ப் பங்குக் குருவிடம் தம் இறுதிப் பாவசங்கீர்த்தனத்தைச் செய்தார். ஆயிரமாயிரம் பேருக்கு மன்னிப்பு வழங்கிய கரம், தனக்கு மன்னிப்புக் கேட்டுக் கூப்பியது. வழியுணவாக நற்கருணை பெற்று, அவஸ்தைப்பூசுதலும் பெற்றார். பல்லாண்டு அவரை வாட்டிய மரண அச்சம் அந்நாட்களில் அவரை விட்டு அகன்றிருந்தது. ஆகஸ்டு 4-ம் நாள் விடியற்காலை இரண்டு மணிக்கு, தாயின் மடியில் உறங்கும் குழந்தைபோல் அமைதியாக உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 73. ஆர்ஸில் பணியாற்றியது 41 ஆண்டுகள்.

1905-ல் திருத்தந்தை 10-ம் பத்திநாதர் அவருக்கு முத்திப்பேறு பட்டமும், 1925-ல் திருத்தந்தை 11-ம் பத்திநாதர் புனிதர் பட்டமும் அளித்தனர். 1929-ல் உலகப் பங்குக் குருக்கள் அனைவருக்கும் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டார். அவருடைய 150-வது மரண ஆண்டை முன்னிட்டுத் திருத்தந்தை 16-ம் பெனடிக்ட் 2009-ல் குருக்கள் ஆண்டைத் தொடங்கிவைத்தார். ஆகஸ்டு 4-ம் நாள் அவருடைய திருவிழா.

பங்கு மக்களே! ஆர்ஸ் ஊர் திருந்தியது ஒரு சட்டத்தால் அன்று. நம்மை மன்னிக்க ஒருவர் காத்திருக்கிறார் என்பதை அம்மக்கள் தங்கள் பங்குக் குருவிடம் கண்டதால் திருந்தியது. நம்மில் சிலர் பல ஆண்டுகளாகப் பாவசங்கீர்த்தனத்திற்குப் போகாமல் இருக்கலாம். வெட்கம் ஒரு காரணம். இவ்வளவு காலம் கழித்து எப்படிப் போவது என்ற தயக்கம் மற்றொரு காரணம். இன்னும் சிலர், உறவில் விரிசல் ஏற்பட்டு, அண்டை வீட்டாரையோ கூடப் பிறந்தவரையோ மன்னிக்க மனமில்லாமல், அதனாலேயே ஆண்டவரிடமும் வர மனமில்லாமல் இருக்கலாம். குடியிலும் கடனிலும் சிக்கிய மகனைப் பற்றி நம்பிக்கை இழந்த தாய்மாரும் உண்டு. இவர்கள் யாவருக்கும் ஆர்ஸ் பங்குக் குருவின் வாழ்வு ஒன்றையே சொல்கிறது: நாம் ஆண்டவரைத் தேடிப் புறப்படுமுன்பே அவர் நம்மைத் தேடிப் புறப்பட்டுவிட்டார்.

ஜூபிலி என்ற சொல்லுக்கே பழைய ஏற்பாட்டில் கடன்களை மன்னித்து அடிமைகளை விடுவிக்கும் ஆண்டு என்று பொருள். வரும் சனிக்கிழமை மாலையே அந்த ஜூபிலியை நம் ஆன்மாவில் தொடங்குவோம். நமக்காகக் காத்திருக்கும் நம் பங்குக் குருக்களுக்காகவும் புனித வியான்னியின் வழியாக அன்றாடம் ஒரு செபம் சொல்வோம்.